ஆலை மூடினால் கடன் நோட்டு என்னாகும்?



நம்மில் பெரும்பாலோர் கம்பெனி வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் அல்ல. நமக்கு ஷிப்டு இல்லை, போனஸ் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. ஆயினும் சிங்கப்பெருமாள் கோவிலிலும் மறைமலை நகரிலும், அந்தப் பக்கம் அப்பூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையிலும் கடை வைத்திருக்கும் நாம் எல்லோரும் ஏதாவதொரு கம்பெனியின் சம்பளத் தேதியை நம்பித்தான் காலையில் ஷட்டரைத் தூக்குகிறோம். 7ஆம் தேதி அங்கே சம்பளம் ஏறினால் 8ஆம் தேதி நம் கல்லாவில் அது தெரிகிறது. அங்கே ஓவர்டைம் நின்றால் இங்கே ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் அலமாரியிலேயே நிற்கிறது.

ஆகவே கம்பெனியில் வேலை போவது தொழிலாளிக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று நாம் ஒதுங்கி இருக்க முடியாது. அப்படி வேலை போகும் காலத்தில் மளிகைக் கடைக்கு என்ன நேருகிறது, எந்த வரிசையில் நேருகிறது, அதற்கு முன்னும் பின்னும் நாம் செய்ய வேண்டியவை என்ன என்பதே இந்த இதழில் நமது பாடம்.

படத்தில் வராத கடை

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அதைத் தொடர்ந்து உலகம் முழுவதும் தொழில் மந்தம் பரவி, லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தனர். அந்த நெருக்கடியை வைத்து 2010இல் 'தி கம்பெனி மென்' என்ற ஆங்கிலப் படம் வந்தது. ஜான் வெல்ஸ் எழுதி இயக்கியது.

பாஸ்டன் நகரில், கப்பல் கட்டும் தொழிலில் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த ஒரு நிறுவனம் ஆட்களைக் குறைக்கிறது. விற்பனைப் பிரிவில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு வேலை போகிறது. பென் அஃப்லெக் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். இரண்டொரு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அவர் பழைய செலவைக் குறைக்க மறுக்கிறார். பிறகு கார் போகிறது, வீடு போகிறது, மனைவி மக்களோடு பெற்றோர் வீட்டுக்கு வருகிறார். கடைசியில் மைத்துனரிடம் தச்சு வேலைக்குப் போகிறார். அதே கம்பெனியில் அடிமட்டத்திலிருந்து உழைத்து மேலே வந்த வயதான மற்றொருவருக்கும் வேலை போகிறது. அக்கம்பக்கத்தாருக்கு விஷயம் தெரியக்கூடாது என்பதற்காக அவர் தினமும் காலையில் கைப்பெட்டியுடன் கிளம்பி, மாலையில்தான் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. அவருடைய முடிவு மிகத் துயரமானது.

இந்தப் படத்திலிருந்து வியாபாரிகள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, வேலை போனவர் அதை உடனே வெளியே சொல்வதில்லை. இரண்டு, சம்பளம் நின்ற மாதத்திலேயே செலவு குறைவதில்லை. சம்பளம் நின்ற நாளுக்கும் செலவு குறைந்த நாளுக்கும் இடையே மூன்று நான்கு மாதம் ஓடுகிறது. அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? அங்கே வங்கியும் கடன் அட்டையும். நம் ஊரில் மளிகைக் கடையின் கடன் நோட்டு. படத்தின் கதையில் கடைக்காரருக்கு இடமில்லை. நம் வட்டாரத்தில் அந்தக் கதை நடந்தால் முதலில் கடன் கொடுத்தவராகக் கடைக்காரர்தான் நிற்பார்.

நம் வட்டாரம் கண்டவை

இது நமக்குப் புதிதல்ல. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கார் உற்பத்தி 1980களின் இறுதியில் நின்றது. சென்னை பெரம்பூரில் தலைமுறை தலைமுறையாக ஓடிய பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. கர்நாடக எல்லையில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் நூறாண்டுக்கு மேல் உழைத்த கோலார் தங்க வயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அண்மைக் காலத்தில் நாம் கண்ணாரக் கண்டவை இரண்டு. முதலாவது நோக்கியா. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் செல்போன் உற்பத்தி தொடங்கி, நன்றாக ஓடிய காலத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். உலகிலேயே அதிக செல்போன் விற்ற கம்பெனி அது. ஸ்மார்ட்போன் வந்தபின் சந்தை கைமாறியது. வருமான வரி வழக்கில் ஆலைச் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேராமல் தனித்து நின்றது. அந்த ஆண்டில் விருப்ப ஓய்வில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி முற்றிலும் நின்றது. நோக்கியாவை நம்பி அருகிலேயே இயங்கிய ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது.

இரண்டாவது, நமக்கு அடுத்த ரயில் நிலையமான மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு. 1995இல் மகிந்திராவுடன் கூட்டாக இந்தியாவுக்கு வந்து, இங்கே சுமார் 350 ஏக்கரில் ஆலை அமைத்து, ஆண்டுக்கு 2 லட்சம் கார் செய்யும் அளவுக்கு வளர்ந்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9ஆம் தேதி அறிவித்தது. சென்னை ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது.

இவ்விரண்டையும் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். இரண்டும் சிறிய கம்பெனிகள் அல்ல. ஊரே மந்தமாக இருந்ததால் மட்டும் மூடப்பட்டவையும் அல்ல. ஃபோர்டு மூடிய அதே காலத்தில் ஹூண்டாய் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே "நாட்டில் தொழில் நன்றாக இருக்கிறது, நம் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது" என்று நாம் கணக்குப் போடக் கூடாது. எங்கோ ஒரு நாட்டில், நாம் பார்த்திராத ஒரு மேசையில் எடுக்கப்படும் முடிவு நம் தெருவில் அரிசி விற்பனையைத் தீர்மானிக்கிறது.

மூடுவது மட்டுமே ஆபத்து என்பதும் இல்லை. 2019இல் வாகன விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்ட் போன்ற கம்பெனிகள் மாதத்தில் பல நாள்களை வேலையில்லா நாள்களாக அறிவித்தன. 2024இல் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. கதவு திறந்திருக்கும்போதே சம்பளம் குறைவதும் நிற்பதும் உண்டு.

பத்திரிகை எண்ணும் நம் எண்ணும்

ஃபோர்டு அறிவிப்பு வந்தபோது சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அது கம்பெனியின் நேரடி ஊழியர் கணக்கு, அதுவும் குஜராத்தில் இருந்த சனந்த் ஆலையையும் சேர்த்து. நம் கடைக்கு வருபவர்களில் அந்த எண்ணுக்குள் அடங்குபவர்கள் சிலரே.

நம் நோட்டில் இருப்பவர்கள் யார்? கான்ட்ராக்டில் வேலை செய்பவர், உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனியில் இருப்பவர், கம்பெனி பஸ் ஓட்டுபவர், கேன்டீனில் சமைப்பவர், செக்யூரிட்டி, தோட்ட வேலை, லாரி லோடுமேன், அறைகளை வாடகைக்கு விட்டு அந்த வாடகையில் குடும்பம் நடத்துபவர். இவர்கள் பெயர் எந்த அறிவிப்பிலும் வருவதில்லை.

பணத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ஆலை மூடப்பட்டால் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு என்பது சட்டம். ஃபோர்டு தொழிலாளர்கள் 2022இல் வேலைநிறுத்தம் செய்தும், பல மாதம் பேசியும் அதைவிடப் பல மடங்கு பெற்றார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அப்படிப் பேசி வாங்கித் தர ஆள் இல்லை. அவருக்கு ஒரு நாள் மாலை "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒரு சொல்தான். ஆகவே பெரிய தொகை செட்டில்மென்ட் வரும், எல்லாப் பாக்கியும் தீர்ந்துவிடும் என்று பத்திரிகையைப் பார்த்து நாம் நம்பிக்கொண்டிருந்தால், நோட்டில் முக்கால்வாசிப் பெயருக்கு அது பொருந்தாது.

அடி விழும் வரிசை

கம்பெனி சரியும்போது கடைக்கு ஒரே நாளில் அடி விழுவதில்லை. படிப்படியாக விழுகிறது. அந்த வரிசை தெரிந்தால் அடுத்த படி வருமுன் நாம் கையைச் சுருக்கிக்கொள்ளலாம்.

முதலில் ஓவர்டைம் நிற்கிறது. தொழிலாளி பட்டினி கிடப்பதில்லை. ஆனால் பிஸ்கட், ஹார்லிக்ஸ், நெய், முந்திரி குறைகிறது. அதாவது லாபம் அதிகமுள்ள சரக்கு முதலில் நிற்கிறது.

இரண்டாவது, கான்ட்ராக்ட் ஆட்கள் குறைக்கப்படுகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இரண்டு நாளில் ரயிலேறிவிடுகிறார்கள். அவர்களுக்கென்று நாம் வாங்கி அடுக்கிய கடுகு எண்ணெயும் ஆட்டா மூட்டையும் நம்மிடமே தங்கிவிடுகின்றன. உள்ளூர்க்காரர் அதை வாங்கமாட்டார்.

மூன்றாவது, மெஸ் நடத்துபவரும் கேன்டீன் கான்ட்ராக்டரும் தடுமாறுகிறார்கள். இதுதான் மிகப் பெரிய அடி. ஐம்பது வீட்டுப் பாக்கி தனித்தனியாக வரும், போகும். மெஸ் பாக்கி ஒரே பெயரில் லட்சத்தில் நிற்கும். அவருக்குக் கம்பெனியிலிருந்து பில் பணம் வரத் தாமதமாகும். அவர் நமக்குத் தரத் தாமதமாகும்.

நான்காவது, அறை வாடகை நிற்கிறது. வீட்டுக்காரர்கள் வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய அறைகளில் 'டு லெட்' பலகை தொங்கும். இதுவரை ரொக்கம் கொடுத்து வாங்கிய வீட்டுக்காரர் அம்மா, முதல் முறையாக "எழுதிக்கொள்ளுங்கள்" என்பார்.

கடைசியாகத்தான் நிரந்தரத் தொழிலாளி வருகிறார். பத்திரிகையில் செய்தி வருவதும் அப்போதுதான். செய்தி வரும் நாளில் கடைக்கு நாலு படி அடி விழுந்து முடிந்திருக்கும்.

ஒரு சிறு கணக்கு

உதாரணமாக மாதம் 4 லட்ச ரூபாய் வியாபாரம் செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 5 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், மாத வருமானம் 20,000 ரூபாய். அந்த 4 லட்சத்தில் ஒன்றரை லட்சம் கடன் விற்பனை. வழக்கமாக 30 நாளில் வசூலாகிறது. ஆகவே எந்த நாளிலும் நோட்டில் சுமார் ஒன்றரை லட்சம் நிற்கும்.

இப்போது வசூல் 75 நாளாக நீள்கிறது. அதே அளவு கடன் விற்பனைதான். ஆனால் நோட்டில் நிற்கும் தொகை 3,75,000 ஆகிவிடுகிறது. கூடுதலாகத் தேவைப்படும் முதல் 2,25,000. அதை மாதம் இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டி. வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது. ஒருவர்கூட ஏமாற்றவில்லை, எல்லோரும் தாமதித்துத் தருகிறார்கள் என்னும்போதே இந்த நிலை.

ஒருவர் 6,000 ரூபாய் பாக்கியோடு ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றால், நூற்றுக்கு 5 மிஞ்சும் வியாபாரத்தில் அந்த 6,000ஐ மீட்க 1,20,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். பத்துப் பேர் போனால் 12 லட்சம். மூன்று மாத உழைப்பு முழுவதும் அந்தப் பத்துப் பேருக்கே சரியாகிவிடும்.

இதோடு வரியையும் நினைவில் வைக்க வேண்டும். கடனுக்கு விற்ற சரக்குக்கும் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும், பாக்கி வராமல் போனது என்பதற்காக அது திரும்பி வராது. சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தப் பில்லில் எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது.

கடையிலேயே தெரியும் அடையாளங்கள்

கம்பெனிக் கணக்குப் புத்தகம் நமக்குக் கிடைக்காது. ஆனால் நம் தராசுக்கு முன்னால் நிற்பவரைப் பார்த்தே பல விஷயங்கள் தெரிந்துகொள்ளலாம்.

25 கிலோ அரிசி மூட்டை எடுத்தவர் 5 கிலோ பையாகக் கேட்கிறார். ஒரு லிட்டர் எண்ணெய் அரை லிட்டர் பாக்கெட்டாகிறது. ஷாம்பு பாட்டில் ஒரு ரூபாய் சாஷே ஆகிறது. பகல் ஷிப்டில் இருக்க வேண்டியவர் காலை 11 மணிக்குக் கடைக்கு வருகிறார். அல்லது யூனிபாரம் போட்டுக்கொண்டு கிளம்புகிறார், ஆனால் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அவரைக் காணோம். ஏலச்சீட்டில் எப்போதும் கடைசி வரை பொறுத்திருப்பவர் அதிகத் தள்ளுபடிக்கு அவசரமாகச் சீட்டு எடுக்கிறார். வாரம் பத்து மூட்டை அரிசி எடுத்த மெஸ் ஏழு மூட்டைக்கு இறங்குகிறது. டீக்கடைக்குப் பால் குறைகிறது. ஷேர் ஆட்டோ ஆள் சேர்க்க நீண்ட நேரம் நிற்கிறது.

இவற்றில் ஒன்று தனியாகத் தெரிந்தால் பொருட்டல்ல. மூன்று நான்கு ஒன்றாகத் தெரிந்தால் மொத்தக் கடைக்கு வந்து வாங்கும் சரக்கின் அளவை அந்த வாரமே குறைத்துவிட வேண்டும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

1. நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று எழுத வேண்டும். பிறகு கம்பெனி வாரியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். நாற்பது குடும்பத்துக்குக் கடன் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். கூட்டிப் பார்த்தால் முப்பது குடும்பம் ஒரே கம்பெனியையும் அதன் உதிரிபாகக் கம்பெனிகளையும் நம்பியிருக்கும். அப்படியானால் நாம் நாற்பது பேருக்குக் கடன் கொடுக்கவில்லை. ஒரே கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறோம், அதுவும் அந்தக் கம்பெனிக்குத் தெரியாமலே.

2. எந்த ஒரு கம்பெனியைச் சார்ந்த பாக்கியும் மொத்தப் பாக்கியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

3. ஒரு வீட்டுக்கு ஒரு மாதச் சரக்கின் மதிப்புக்கு மேல் பாக்கி நிற்கலாகாது. இந்த விதியை எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் அவமதிப்பாகத் தோன்றும்.

4. மெஸ், கேன்டீன், ஹாஸ்டல் கணக்கை வீட்டுக் கணக்கோடு கலக்காமல் தனிப் பேரேட்டில் வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கணக்கை நேர் செய்யாமல் அடுத்த லோடு இறக்கக் கூடாது.

5. பாக்கியில் மாதம் ஒருமுறை கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று ஆண்டு கடந்த பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. அந்தக் கெடுவுக்குள் எழுத்து மூலமாகப் பாக்கியை ஒப்புக்கொண்டால் மூன்று ஆண்டு மீண்டும் புதிதாகத் தொடங்கும். வழக்குப் போடும் எண்ணம் நமக்கு இல்லாமல் இருக்கலாம். கையெழுத்து இருந்தால் சண்டை வராது என்பதே பெரிய நன்மை.

6. ஒரு கம்பெனி வாசலை மட்டும் நம்பி அதிக அட்வான்ஸ் கொடுத்து நீண்ட காலத்துக்குக் கடை எடுக்கக் கூடாது. நம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பாடலாத்ரி நரசிம்மர் கோவில் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலையும் ரயிலும் இருக்கின்றன, சுற்றுக் கிராமங்களின் விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த வாடிக்கை மெதுவாக வளரும், ஒரே நாளில் போகாது. கம்பெனி வியாபாரம் பெருகும் காலத்தில் இவர்களைக் காக்க வைத்து அனுப்பிவிட்டால், கம்பெனி போனபின் இவர்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள்.

வேலை போனவரிடம் நடந்துகொள்ளும் முறை

இதுதான் இந்தப் பாடத்தில் கடினமான பகுதி. செய்தி கேட்ட அன்றே கடனை நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நமது அனுபவம் வேறு.

நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், கம்பெனி மூடப்போகிறது என்று தெரிந்த மறுநாளே "கடன் இல்லை, பழைய பாக்கியைக் கட்டிவிட்டுச் சரக்கெடுக்கவும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். பாக்கி வைத்திருந்தவர்கள் சண்டை போடவில்லை. அந்தத் தெரு வழியாக வருவதை நிறுத்திவிட்டார்கள். கையில் இருந்த ரொக்கத்தைப் பக்கத்துத் தெருக் கடையில் கொடுத்துச் சரக்கு வாங்கினார்கள். பாக்கியும் போனது, ரொக்க வியாபாரமும் போனது.

அதே சாலையில் இன்னொருவர், மாலை நேரத்தில் கூட்டம் இல்லாதபோது ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். "அண்ணே, பழைய பாக்கி இப்படியே நிற்கட்டும். வாரம் முடிந்ததைக் கொடுங்கள், நூறு ரூபாயானாலும் சரி. புதுச் சரக்கு ரொக்கத்துக்கு எடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் வாரத்துக்கு இவ்வளவு என்று நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார். எல்லாப் பாக்கியும் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சிலர் ஊர் மாறிப் போனார்கள். ஆனால் ஊரில் தங்கியவர்கள் அவர் கடையிலேயே தங்கினார்கள். வேறு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகும் அங்கேதான் வாங்குகிறார்கள்.

இருவருக்கும் இருந்த வேறுபாடு இரக்கம் மட்டும் அல்ல, கணக்கும்தான். பாக்கி வைத்தவர் வெட்கப்பட்டு நம் முகத்தைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டால் அந்தக் கடன் வராது. அவர் தலை நிமிர்ந்து கடைக்கு வரும்வரை கடனுக்கு உயிர் இருக்கிறது. ஆகவே நாம் காக்க வேண்டியது முதலில் அவருடைய மரியாதையை. அதற்குச் சில வழிகள் உண்டு.

நாலு பேர் நிற்கும்போது பாக்கியைப் பற்றிப் பேசலாகாது. பாக்கிப் பட்டியலை எழுதி ஒட்டலாகாது. சிறு பிள்ளையைச் சரக்கு வாங்க அனுப்பினால், "அப்பாவைப் பாக்கி கொண்டுவரச் சொல்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லலாகாது. பழைய பாக்கிக்கு ஒரு பக்கம், புதுக் கணக்குக்கு ஒரு பக்கம் என்று நோட்டைப் பிரித்துவிட வேண்டும். கலந்து வைத்தால் அவர் கொடுக்கும் நூறு ரூபாய் எதில் போனது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

செட்டில்மென்ட் பணம் வந்தவரிடம் முதல் நாளே போய் நிற்பதும் சரியல்ல. அந்தப் பணத்தில் பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறது. பாக்கியை மூன்று தவணையாக வாங்கிக்கொண்டால் அவர் மறுக்கமாட்டார். அந்தப் பணத்தைக் கொண்டு கடை வைக்கலாமா என்று நம்மிடமே யோசனை கேட்டால், நமக்குப் போட்டி வருமோ என்று பாராமல் உள்ளதைச் சொல்ல வேண்டும். வேலை போன தெருவில் ஒரே மாதத்தில் மூன்று புதுக் கடைகள் முளைத்தால் மூன்றும் நிற்காது. பணம் முழுவதையும் சரக்கில் போட வேண்டாம், ஆறு மாதச் செலவைத் தனியாக வங்கியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்று சொல்வது நம் கடமை.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளி வேலையிழந்தால் 90 நாள் வரை உதவித்தொகை தரும் திட்டம் ஒன்று 2018இல் தொடங்கப்பட்டு, 2020இல் தொகை சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அவ்வப்போது கால நீட்டிப்புப் பெறும் திட்டம் ஆதலால், ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரித்து மனுச் செய்யும்படி வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லலாம். பலருக்கு இப்படி ஒன்று உண்டு என்பதே தெரிவதில்லை. அவர் கையில் வரும் பணம் நம் கடைக்கும் வரும்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு சொல்

சில்லறைக் கடைக்காரர்களுக்கு மட்டும் உபதேசம் செய்வது நியாயமாகாது. நாங்கள் மொத்த வியாபாரிகளும் இதே தவறான வரிசையில் சிக்கக்கூடியவர்களே. சில்லறைக் கடைக்காரரின் செக் தாமதமானால், அவர் நோட்டில் எந்தக் கம்பெனியின் பெயர் நிறைந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சரக்கை அடியோடு நிறுத்தினால் அவர் கடை காலியாகிவிடும்; காலியான கடைக்கு யாரும் பாக்கி கட்ட வரமாட்டார்கள். ஓடும் சரக்கை மட்டும் சிறு அளவில், அடிக்கடி, ரொக்கத்துக்குக் கொடுத்து, பழைய பாக்கியைத் தவணையாக்குவதே இரு தரப்புக்கும் நல்லது. மாத இலக்கை எட்டுவதற்காக ஓடாத சரக்கை அவர் தலையில் கட்டுவதை அந்தக் காலத்தில் நிறுத்திவிட வேண்டும்.

மீண்டும் திறந்தால்?

மூடிய ஆலை மீண்டும் திறக்கும் என்று காத்திருப்போர் நம்மில் உண்டு. திறப்பதும் உண்மைதான். நோக்கியா ஆலையைச் சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கி 2020இல் சார்ஜர் முதலான உதிரிபாக உற்பத்தியைத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான் பின்னர் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் உற்பத்தியில் மிகப் பெரிதாக வளர்ந்தது. ஃபோர்டும் மறைமலை நகர் ஆலையில் எஞ்சின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. முதலீடு 3,250 கோடி ரூபாய். வேலை 600 பேருக்கு மேல். உற்பத்தி 2029இல் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

கடைசிக் கார் வெளிவந்த 2022க்கும் 2029க்கும் இடையே ஏழு ஆண்டுகள். எந்த மளிகைக் கடையும் ஏழு ஆண்டு காத்திருக்க முடியாது. திறக்கும்போதும் பழைய ஆட்கள் அதே எண்ணிக்கையில் வரப்போவதில்லை. கம்பெனிக்கு நிலம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பொறுத்திருந்து வேறு தொழிலுக்கு மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. நமக்கு இருப்பது நோட்டும் நாணயமும் அன்றாட வரவும்தான். அவற்றை அந்தந்த மாதமே காத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனிகள் வருவதை நாம் வரவேற்கிறோம். அவற்றால்தான் இந்தச் சாலை நெடுக நம் பிள்ளைகள் படித்தார்கள், நம் கடைகள் பெருகின. வரும்போது மகிழ்வதுபோலவே, போனாலும் நிற்கும்படி கடையை அமைப்பதே வியாபாரம். இந்த வாரத்தில் ஒரு நாள் இரவு கடையைச் சாத்தியபின் அரை மணி நேரம் உட்கார்ந்து, நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சம்பளம் வரும் இடத்தை எழுதி, கம்பெனி வாரியாகக் கூட்டிப் பார்க்கும்படி உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டுத்தொகையைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், எந்தத் தெருவில் எவ்வளவு பாக்கி எந்த வாசலை நம்பி நிற்கிறது என்று எல்லோரும் சேர்ந்து பேசி, முன்னேற்பாடு செய்துகொள்ளலாம்.